மலையகத்தில் கூடை பின்னப் பழகுவோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலைத் திண்ணையில் நார் வேலையும் கூடை பின்னலும் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாடசாலைப் பிள்ளைகள் உண்டு, ஓய்வுபெற்ற கொழுந்துக்காரர் உண்டு, கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்து நிற்கும் இளைஞர்களும் உண்டு. அவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒன்றுபோலவே இருப்பதால், என் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் எதில் கைவைப்பது? மூங்கிலா, பிரம்பா?

இரண்டும் வேண்டாம். உங்கள் லயத்திலிருந்தோ (தோட்டத்து வரிசைக் குடியிருப்பு) வீட்டிலிருந்தோ நடந்துபோய் அள்ளிவரக்கூடிய பொருளில் தொடங்குங்கள். மூங்கிலை வகிரவே ஒரு வருடப் பழக்கம் வேண்டும். பிரம்பைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். கெட்டுவிடுமோ என்ற பயத்தில் கை தயங்கும். பொருள் இலவசமாகக் கிடைத்தால் பத்துத் தடவை அவிழ்த்துவிட்டுப் பதினோராவது தடவையும் மனச்சோர்வு இல்லாமல் உட்காரலாம்.

மலையகத்தில் அப்படிக் கிடைப்பவை மூன்று: பைனஸ் மரத்தின் உதிர்ந்த ஊசியிலை, மானாப்புல், குலை வெட்டிய வாழை. இந்த வரிசையிலேயே பழகச் சொல்லுவேன்.

பைனஸ் இலையிலா கூடை? அது எரிவதற்குத்தானே ஆகும்?

எரியும் என்பது உண்மைதான். ஹந்தானை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கங்களில் பைனஸ் காடுகளுக்கு அடியில் மெத்தைபோல் கிடக்கும் சருகில் வறட்சிக் காலத்தில் தீ பிடிப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அதே சருகுதான் நமக்குக் கிடைக்கும் மிக நல்ல பழகுபொருள். இமயமலை அடிவாரத்திலும் வட அமெரிக்காவிலும் இதில் அழகான கூடைகள் செய்கிறார்கள். நம் மலைகளில் நட்டிருப்பது கரிபியன் பைனஸ். அதன் ஊசிகள் பெரும்பாலும் மூன்று மூன்றாகச் சேர்ந்திருக்கும்; 15 முதல் 25 சென்ரிமீற்றர் வரை நீளும். இதைவிடக் குட்டையாக இருந்தால்தான் சிரமம்.

அண்மையில் உதிர்ந்த, செம்பழுப்பு நிறத்தில் இருக்கிறவற்றை மட்டும் பொறுக்குங்கள். கறுத்து, மடித்தவுடன் ஒடிவது பழைய சருகு. காடு வனத்திணைக்களத்துக்கோ தோட்டத்துக்கோ உரியதாக இருக்கும். ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

தட்டு செய்யும் முறையைப் படிப்படியாகச் சொல்வீர்களா?

ஊசிகளைக் கழுவி, தலைப்பக்கத்தில் உள்ள சிறு உறையைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். ஒரு பாத்திரத்தில் கிடத்திக் கொதிநீர் ஊற்றி அரைமணி நேரம் மூடிவையுங்கள். பிறகு ஈரத்துவாயில் சுற்றி ஓர் இரவு வைத்தால், மறுநாள் விரலில் சுற்றினாலும் ஒடியாது.

பென்சில் பருமனுக்கு ஒரு கற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தீர்ந்துபோன பேனாவின் குழாயில் விரல்நுனி நீளம் வெட்டி, கற்றையை அதற்குள் நுழைத்து வைத்துக்கொண்டால் பருமன் மாறாது. குழாய் தளர்ந்தால் உடனே இரண்டு மூன்று ஊசிகளைக் கற்றையின் நடுவில் செருகுங்கள். ஓரத்தில் செருகினால் முனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

கற்றையின் நுனியைச் சிறு சுருளாக வளைத்து, கம்பளி தைக்கும் ஊசியாலும் மெழுகு தேய்த்த நூலாலும் நடுவில் நாலைந்து தையல் போடுங்கள். பிறகு சுற்றிச் சுற்றி வளர்ப்பதுதான் வேலை. ஒவ்வொரு தையலும் முந்திய சுற்றின் தையலைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அப்படிப் பிடித்தால் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுழன்று போகும் கோடுகள் தாமாகவே விழும். முதன்முதலில் அந்தக் கோடு தன் கையில் தோன்றுவதைப் பார்க்கிற பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே நான் ஒவ்வொரு ஞாயிறும் வருகிறேன்.

இரண்டு தவறுகள் எல்லோருக்கும் நேரும். நூலை அதிகம் இறுக்கினால் தட்டு கிண்ணம்போல் மேலெழும்பும். தளர விட்டால் சுற்றுகளுக்கிடையே வெளிச்சம் தெரியும். தட்டைச் சம பலகையில் வைத்தபடி தைத்தால் முதல் தவறு குறையும். முடிக்கும்போது கற்றையைக் கொஞ்சம் கொஞ்சமாக மெலிய விட்டு, கடைசிச் சுற்று முந்தியதோடு கலந்துபோகச் செய்யுங்கள். உள்ளங்கை அகலத் தட்டுக்கு இரண்டு ஞாயிறு போதும்.

மானாப்புல்லிலும் இதே முறைதானா?

ஆம், இதே சுருள் முறைதான். தேயிலை பிடுங்கிய மலைகளில் மண்ணைத் தேற்றுவதற்காக நடுவதால் மானா நமக்குப் புதிதல்ல. ஓரம் விரலை அறுக்கும் என்பதால் தாளை உருவும்போது துணி சுற்றிக்கொள்ளுங்கள். நிழலில் காயவைத்தால் பச்சைச் சாயல் கொஞ்சம் தங்கும். பைனஸைவிட நீளம் என்பதால் பெரிய கூடைக்கு இதுவே வசதி.

வாழையிலிருந்து நார் எடுக்க இயந்திரம் வேண்டுமா?

வேண்டாம். பூக்கட்டுவோர் பயன்படுத்தும் வாழைநாரை எல்லோருக்கும் தெரியும். தண்டின் வெளி மடல்களைப் பிரித்து, விரல் அகலப் பட்டைகளாகக் கிழித்து, கொடியில் தொங்கவிட்டுக் காயவைத்தால் அதுவே கயிறு திரிக்கப் போதும். இன்னும் மெல்லிய, பளபளப்பான நார் வேண்டுமானால் பச்சை மடலைப் பலகையில் கிடத்தி மொட்டைக் கத்தியால் சதையை வழித்தெடுக்க வேண்டும். அழுத்தம் கூடினால் நாரும் அறுந்துவிடும். வாழைப்பால் பட்ட கறை எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. பழைய உடுப்போடு உட்காருங்கள்.

கயிறு திரிப்பதில் ஒரே ஒரு சூட்சுமம்தான் இருக்கிறது. இரண்டு இழைகளையும் தனித்தனியே வலப்பக்கம் முறுக்குங்கள். முறுக்கிய இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக இடப்பக்கம் சுற்றுங்கள். ஒன்று அவிழப் பார்க்கும்போது மற்றது இறுகுவதால்தான் முடிச்சே இல்லாமல் கயிறு நிற்கிறது. புதுநாரைச் சேர்க்கும்போது இரண்டு இழைகளிலும் ஒரே இடத்தில் சேர்க்காதீர்கள். அந்த இடத்தில்தான் கயிறு அறும்.

வேலியோரத்து ஆனைக்கற்றாழையிலும் வலுவான நார் உண்டு. ஆனால் அதன் சாறு தோலில் பட்டால் தாங்க முடியாத அரிப்பு. கையுறை இல்லாமல் பிள்ளைகளை அதன் பக்கம் விடாதீர்கள். கித்துள் நார் கறுப்பாக, கம்பிபோல் விறைப்பாக இருக்கும். தும்புத்தடிக்கும் தூரிகைக்கும் அருமையானது. பின்னலுக்குப் பழகிய கை வேண்டும்.

மூங்கிலுக்கு எப்போது போகலாம்?

சுருள் தட்டு நாலும், கயிறு இருபது முழமும் முடித்த பிறகு. மூங்கில் வேலையில் பின்னுவது எளிய பாதி. மரத்தைத் தெரிவதும் வகிர்வதும்தான் கடினமான பாதி. என் முதல் மூங்கில் கூடையை மூன்று மாதத்தில் பூச்சி அரித்துப் பொடியாக்கிவிட்டது. பின்னல் நன்றாகவே இருந்தது. தவறு எல்லாம் வெட்டியதில்தான்.

இளமூங்கில் நீர் நிறைந்தது, காய்ந்ததும் சுருங்கிவிடும். மூன்று வயது தாண்டியதைப் பாருங்கள்: கணுவின் உறைகள் உதிர்ந்திருக்கும், தோலில் சாம்பல் திட்டுகள் படிந்திருக்கும், தட்டினால் கணீரென்று ஒலிக்கும். கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் அடிக்கட்டையில் மழைநீர் தேங்காது, புதரும் அழுகாது. பெரியவர்கள் தேய்பிறையில் வெட்டச் சொல்வார்கள். நானும் அப்படியே செய்கிறேன். பூச்சி தேடி வருவது மூங்கிலில் உள்ள மாச்சத்தை. அதனால் வறண்ட மாதத்தில் வெட்டி, இரண்டு மூன்று வாரம் ஓடைநீரில் கல் வைத்து அமிழ்த்திவிடுங்கள். மாச்சத்துக் கரைந்து போகும். நாற்றம் எடுக்கும், அதுவே வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம்.

வகிரும்போது எப்போதும் சரிபாதியாக. பாதியை மறுபடி பாதியாக. மூன்றில் ஒரு பங்கைச் சீவ முயன்றால் பிளவு ஓரத்துக்கு ஓடிவிடும். அப்படி ஓடினால் கத்தியை அழுத்தாமல், தடித்த பக்கத்தைக் கையால் கூடுதலாக வளையுங்கள். பிளவு நடுவுக்குத் திரும்பும். வெளித்தோல் உள்ள பட்டைதான் வலுவானது. தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தி மூங்கிலை அறுக்க உதவும், ஆனால் வகிர்வதற்கு நேரான, சிறிய கத்திதான் வேண்டும். உறையில் உள்ள சுணை கழுத்தில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும். முதலில் ஈரச்சாக்கால் துடைத்துவிடுங்கள்.

ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் சிறுமூங்கில் அடர்ந்து நிற்பதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அது 1988 முதல் தேசியப் பூங்கா. ஒரு குச்சிகூட எடுக்கக் கூடாது.

பின்னிக்கொண்டு வரும்போது இரண்டாவது சுற்றில் பின்னல் மாறாமல் அதே இடத்திலேயே விழுகிறது. ஏன்?

நிற்கும் பட்டைகள் இரட்டை எண்ணிக்கையில் இருக்கின்றன. ஒன்று விட்டு ஒன்றாக, ஒரே பட்டையை ஓட்டிப் பின்னுவதற்கு ஒற்றைப்படை எண்ணிக்கை வேண்டும். அப்போதுதான் முதல் சுற்றில் உள்ளே போன இடத்தில் அடுத்த சுற்று வெளியே வரும். நாலுக்கு நாலு குறுக்கே வைத்து அடிபோட்டால் 16 முனைகள் கிடைக்கும். ஒரு முனையை நடுவில் பிளந்து 17 ஆக்கிவிடுங்கள். பிளக்க மனமில்லை என்றால் ஓடும் பட்டைகள் இரண்டை எடுத்து, ஒன்றை மற்றது துரத்துவதுபோல் பின்னலாம்.

எனக்குக் கொழுந்துக் கூடை பின்ன ஆசை. பாட்டி சுமந்தது போன்றது.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது. மூங்கிலிலும் பிரம்பிலும் பின்னி, தலையில் கயிற்றை மாட்டி, முதுகில் தொங்கவிட்ட கூடை அது. எங்கள் பாட்டிமாரின் நெற்றிக்கு மேலே அந்தக் கயிறு பதித்த தடத்தை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஆகவே அந்தக் கூடையை வெறும் அழகுப் பொருளாக என்னால் பார்க்க முடியாது. சுற்றுலா விளம்பரங்களில் அது சிரிக்கிறது. சுமந்தவர்களுக்குக் கழுத்து வலித்தது.

ஆனால் அதன் அமைப்பில் பெரிய அறிவு இருக்கிறது. கொழுந்து பறித்த பிறகும் மூச்சு விடும். நெருக்கி அடைத்தால் சூடேறும். நசுங்கினால் அந்த இடத்திலேயே செங்கரும் பழுப்பாகிவிடும், தொழிற்சாலைக்குப் போகுமுன்பே தரம் கெடும். கூடையின் பக்கங்களில் உள்ள இடைவெளி காற்றுப் போவதற்கானது. விறைப்பான சுவர் இலை நசுங்காமல் காப்பதற்கானது. இன்று பல மலைகளில் கூடைக்குப் பதிலாகச் சாக்கும் பையும் வந்துவிட்டன. எடை குறைவு என்பதால் சுமக்கிறவர்களுக்கு அது ஆறுதல். அதை நான் குறை சொல்ல மாட்டேன். இலைக்கு எது நல்லது என்று கேட்டால் கூடைதான்.

பின்னுவதற்கு முன் வாழைக்குலை கொள்ளுமளவு சாதாரண மூங்கில் கூடை ஐந்தாறாவது செய்திருக்க வேண்டும். கொழுந்துக் கூடையில் முதுகுப்பக்கம் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். வாய் விளிம்பு பாரத்தைத் தாங்க வேண்டும். கயிறு கட்டுமிடம் விளிம்பில் மட்டும் நின்றால் ஒரு வாரத்தில் பிய்ந்துவிடும். அடிவரை சுற்றிப் பிடிக்க வேண்டும். பழைய கூடை ஒன்று யார் வீட்டு அட்டாலியிலாவது கிடந்தால் கேட்டு வாங்கி, அவிழ்க்காமல், ஒவ்வொரு பட்டையும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். அதைவிடச் சிறந்த பாடம் என்னிடம் இல்லை.

“கூடை பின்னுவது இன்ன சாதிக்காரரின் தொழில், உனக்கெதற்கு?” என்று வீட்டில் தடுக்கிறார்கள்.

இந்தக் கேள்வியைத் தனியே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். நான் எல்லோர் முன்னிலையிலும் பதில் சொல்கிறேன். சுளகில் புடைத்த அரிசியை உண்டோம், பாயில் படுத்துப் பிறந்தோம், கூடையில் கொழுந்தைச் சுமந்து வாழ்ந்தோம். அவற்றைச் செய்து கொடுத்தவர்களை மட்டும் வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். அது நம் வெட்கம். தொழிலில் எந்தத் தாழ்வும் இல்லை. இந்த வேலையில் கைதேர்ந்த குடும்பங்கள் உங்கள் ஊரில் இருந்தால், அவர்களிடம் மாணவராகப் போங்கள். ஐயா, அம்மா என்று அழையுங்கள். அவர்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். கற்றதற்குக் கூலி கொடுங்கள்.

கண்டிச் சீமையிலும் இதே கதை நடந்தது. தும்பறைப் பாய் நெய்த கின்னர சமூகத்தாரைக் கண்டி இராச்சியக் காலத்தில் மிகத் தாழ்ந்த படியில் வைத்திருந்தார்கள். அவர்கள் நெய்த ‘தும்பற ரட்டா கலால’வின் கைத்திறனை 2021 இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

தும்பறைப் பாயை நாம் போய்ப் பார்க்க முடியுமா? எப்படிச் செய்கிறார்கள்?

கண்டியிலிருந்து குண்டசாலைப் பக்கம் உள்ள ஹேனாவல என்ற ஊர்தான் அதற்குப் பேர்போனது. சிங்களத்தில் ‘ஹண’ என்று சொல்லும் செடியின் இலையிலிருந்து நார் எடுக்கிறார்கள். இலையைக் கட்டையில் வைத்து, ஒரு முனையைக் காலால் அழுத்தி, பலகையலகால் சதையை வழித்து, நாரைக் கழுவிக் காயவைத்துச் சீவுவார்கள். மரமஞ்சளில் மஞ்சள் நிறம், பதிமுகக் கட்டையில் சிவப்பு, கடுக்காயில் கறுப்பு. தரையோடு தரையாக அமைத்த தறியில் உட்கார்ந்து யானை, மான், பறவை, நட்சத்திரம் என்று கோட்டுருவங்களாக நெய்வார்கள்.

சிங்களம் சரளமாக வராவிட்டாலும் போங்கள். நார் வேலைக்காரர்கள் கையைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். வெறுங்கையோடு போய்ப் படம்மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பாதீர்கள். சிறிய மேசை விரிப்பாவது வாங்குங்கள்.

பிரம்பும் பனை ஓலையும் எங்கே வாங்கலாம்?

பிரம்புக்குக் கொழும்பு–கண்டி வீதியில் வேவல்தெனிய, ரதாவடுன்ன பக்கம் வரிசையாகக் கடைகள் உண்டு. வேவல் என்றால் சிங்களத்தில் பிரம்பு. ஊரின் பெயரிலேயே தொழில் இருக்கிறது. காட்டுப் பிரம்பை அனுமதியின்றி வெட்டுவதும் ஏற்றிச்செல்வதும் குற்றம். காட்டில் வெட்டிக்கொண்டு வந்து விற்கிறவரிடம் வாங்காதீர்கள். இடியப்பத் தட்டு பின்னிப் பழக மெல்லிய பிரம்புக் கீற்று ஒரு கட்டு வாங்கினால் போதும்.

பனை மலையில் வளராது. யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்புப் பக்கம் உறவினர் இருந்தால், உலர்த்திய சார்வோலை (பனங்குருத்தோலை) ஒரு கட்டு பஸ்ஸில் அனுப்பச் சொல்லுங்கள். பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இயங்குகிறது. ஓலை வேலை பற்றி அங்கும் விசாரிக்கலாம். கைப்பணிகளுக்கென்று 1982 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய அருங்கலைகள் பேரவையும் உண்டு.

தேயிலை மிலாறு (கவ்வாத்தில் வெட்டிய குச்சி) கூடைக்கு ஆகுமா?

ஆகாது, வளைத்தால் ஒடியும். அடுப்புக்கே விடுங்கள்.

நாயுண்ணிக் கொடி?

ஆகும். கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலைப்பகுதியில் அதன் தண்டை அவித்து, தோலுரித்து, பிரம்புக்குப் பதிலாகத் தளபாடமே செய்கிறார்கள். காட்டை மூடிப் பரவும் செடி என்பதால் எவ்வளவு வெட்டினாலும் நன்மைதான்.

செய்த கூடையெல்லாம் பூஞ்சணம் பிடிக்கிறது. என்ன செய்வது?

நம் ஈரக்காற்று பின்னும்போது நண்பன்: பட்டை சீக்கிரம் காயாது, அடிக்கடி தண்ணீர் தெளிக்க வேண்டியதில்லை. முடித்த பிறகு அதுவே எதிரி. ஆகையால் பொருள் உலர்த்தும் காலத்தை உங்கள் ஊருக்கேற்பத் தெரிவு செய்யுங்கள். அட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல வெயில். பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும்போது இரண்டே நாளில் காயும். அட்டன்காரர் ஜூன் மாதத்தில் மூங்கில் உலர்த்தப் பார்த்தால் மழைதான் மிஞ்சும்.

முடித்த கூடையை அடுப்புக்கு மேலே சில வாரம் தொங்கவிடுவது பழைய வழக்கம். புகை பூச்சியையும் பூஞ்சணத்தையும் தடுக்கும், நிறமும் தேன்போல் மாறும். காஸ் அடுப்பு வீடுகளில் இது நடக்காது. அவர்கள் தேசிச்சாறு கலந்த நீரால் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் தூக்கிவைக்கலாம். பொலித்தீன் பையில் மட்டும் கட்டி வைக்காதீர்கள்.

சாயத்துக்குக் கடைத்தூள்தான் வேண்டுமா?

நாம் இருப்பது தேயிலை மலையில்! கடுந்தேநீரில் வாழைநாரை ஓர் இரவு ஊறவைத்தால் மரநிறம் வரும். அதே தேநீரில் துருப்பிடித்த ஆணிகள் சில போட்டு இரண்டு நாள் விட்டால் இரும்பும் தேயிலைத் துவர்ப்பும் சேர்ந்து கருஞ்சாம்பல், கறுப்பு வரை போகும். மஞ்சள்தூள் பார்க்க நன்றாக இருந்தாலும் வெயிலில் வெளிறிவிடும். மரமஞ்சள் காட்டில் அருகிவிட்ட கொடி. பழகுகிறவர்கள் அதைத் தேடிப் போக வேண்டாம்.

பொதி கட்டும் பிளாஸ்டிக் பட்டியில் பின்னலாமா?

பின்னல் கணக்கைப் பழக நல்லது. மழையிலும் கெடாது, சந்தைக்கும் கொண்டுபோகலாம். ஆனால் ஈரம், உலர்வு, நாரின் போக்கு எதையும் அது கற்றுத்தராது.

விற்றுப் பிழைக்க முடியுமா? என்ன விலை சொல்வது?

பழகும் முதல் வருடத்தில் முடியாது. அதை மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. பிறகு விலை சொல்லும்போது, பொருள் தேடிய நேரம், ஊறவைத்து வகிர்ந்த நேரம், பின்னிய நேரம் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். மொத்தம் எத்தனை நாள் வருகிறதோ, அத்தனை நாள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிருந்தால் கிடைத்திருக்கும் முழுப்பேர்ச் (முழு நாள்) சம்பளத்துக்குக் குறையாமல் கேளுங்கள். ஒருமுறை நகரத்துக் கடையொன்று என் மூன்று நாள் வேலைக்கு அரைப்பேர்க் (அரை நாள்) காசு தந்தது; அதே கூடையை நாலு மடங்குக்கு வெளிநாட்டவருக்கு விற்றதைக் கண்ணால் பார்த்தேன். அன்றிலிருந்து கொப்பி இல்லாமல் விலை பேசுவதில்லை.

நான் இடக்கைப் பழக்கம் உள்ளவள். நீங்கள் செய்வதைப் பார்த்துச் செய்தால் எல்லாம் தலைகீழாக வருகிறது.

பக்கத்தில் உட்காராமல் எனக்கு நேரெதிரே உட்காருங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் என் வலக்கை உங்கள் இடக்கையாகிவிடும். உங்கள் கூடையின் சுழல்கோடு மறுபக்கம் ஓடும். வலுவில் எந்தக் குறையும் இல்லை. கயிறு திரிக்கும்போது மட்டும் கவனியுங்கள்: முறுக்குவதை இடப்பக்கமாகத் தொடங்கினால் சுற்றுவது வலப்பக்கமாக இருக்க வேண்டும். நடுவில் இன்னொருவர் வாங்கித் தொடர்வதானால் அவரும் அதே பக்கத்தையே பின்பற்ற வேண்டும். இல்லாவிட்டால் கைமாறிய இடத்தில் கயிறு அவிழ்ந்துவிடும்.